சொர்ணாம்பிகா பள்ளி ராக் பேண்டும் ஒரு நில அதிர்வும்

சொர்ணாம்பிகா கான்வென்ட் உயர்நிலைப் பள்ளியில் ராக் பேண்ட் தொடங்கியபோது அதில் ஆள் யாரும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காலைப் பிரார்த்தனையில், கரஸ்பாண்டன்ட் சிவப்பிரகாசம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பள்ளியில ராக் பேண்ட் ஆரம்பிச்சாச்சு" என்று அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எட்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்ற ஷோபாவும் தட்டினாள். யாருக்காகத் தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் கை தட்டுவதற்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளி தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் பின்னால் இருந்தது. பெயரில் கான்வென்ட் இருந்தாலும் ஒரு கன்னியாஸ்திரீகூட அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பங்காருபேட்டைக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று சிவப்பிரகாசத்தின் அப்பா சேர்த்துவைத்தது அது. பஜாரில் அவர்களுக்குப் பெயிண்ட் கடை. காலையில் கடை, அப்புறம் பள்ளி என்று சிவப்பிரகாசம் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். எது ஓடுகிறதோ அதை முன்னால் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கோடையில் பெங்களூரில் நடந்த தனியார் பள்ளி நிர்வாகிகள் மாநாட்டுக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய பள்ளியின் விளம்பரத்தில் நான்கு பிள்ளைகள் கிட்டாரோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். படத்துக்குக் கீழே 'எங்கள் ராக் பேண்ட்' என்று போட்டிருந்தது. அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க மந்திரி சிபாரிசோடு நிற்கிறார்களாம்.

ஆள் எடுக்கும் வேலை மறுநாள் அவர் அறையில் நடந்தது. முதலில் ஒரு பையனைக் கூப்பிட்டார்.

"பேரு இன்னாடா?"

"ஃப்ரெடி சார்."

"கிட்டாரு" என்றார் சிவப்பிரகாசம், பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம்.

"சார், எனக்கு கிட்டார் வராது சார்."

"ஃப்ரெடின்னு பேரு வெச்சிக்கினு கிட்டாரு வராதுன்றியே. வரும், போ."

நரேஷ் நெட்டையாக இருந்தான். ஓரத்தில் நின்றால் படம் எடுப்பாக விழும் என்று அவனுக்கு இன்னொரு கிட்டார். தினமும் கடவுள் வாழ்த்து பாடுகிற சுமா பாட்டுக்கு. அந்த நேரத்தில் சாக்பீஸ் டப்பா வாங்க ஆபீசுக்கு வந்த ஷோபாவை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள ஒண்ணு டிரம்ஸ்ல ஒக்காந்தா பெண் கல்விய ஊக்குவிக்கிறோம்னு ஆயிடும். ஒக்காருவியாமா?"

ஷோபா நாற்காலியைச் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தாள். அப்படித்தான் அவள் டிரம்மர் ஆனாள்.

பேண்டுக்குப் பொறுப்பாசிரியராக சமூக அறிவியல் எடுக்கும் வாசு சார் நியமிக்கப்பட்டார். "நீங்கதானே பாறை பாடம் எடுக்கறீங்க?" என்று கரஸ்பாண்டன்ட் கேட்டபோது, அந்த ராக் வேறு, இந்த ராக் வேறு என்று சொல்லலாமா என்று வாசு சார் யோசித்தார். போன வருஷம் கரஸ்பாண்டன்டின் ஒரு வார்த்தையைத் திருத்தப் போய், பள்ளியின் குடிநீர்க் குழாய்களுக்குப் பொறுப்பாளராக ஆக்கப்பட்டிருந்தார். ஆகவே "ஆமா சார்" என்றார்.

பேண்டின் முதல் வகுப்பில் அவர் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை மூன்றையும் விளக்கினார். நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், நாங்க எந்த வகை சார்?" என்றான் நரேஷ்.

வாசு சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். "படிவுன்னு வெச்சுக்கலாம்பா. கொஞ்சம் கொஞ்சமா சேரும்."

அந்த வருஷம் பேண்ட் செய்த ஒரே வேலை படம் எடுத்துக்கொண்டது. ஆண்டர்சன்பேட்டை கல்யாண ஆர்கெஸ்ட்ரா ஒன்றிலிருந்து ஒரு மத்தியானத்துக்கு மட்டும் வாத்தியங்களை வாடகைக்கு எடுத்து, சயனைட் மேட்டு அடிவாரத்தில் வைத்து நால்வரையும் நிறுத்தினார்கள். மண்ணிலிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவைத்த மேடு அது. படத்துக்கு மட்டும் நன்றாக விழும்.

"கோவமா பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

"யார் மேலண்ணா?" என்றாள் சுமா.

"யார் மேலயும் இல்லமா. சும்மா பொதுவா."

ஷோபாவுக்குக் கோபம் வரவில்லை. காற்றடித்து மேட்டுத் தூசி கண்ணில் விழுந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்ட அந்த நொடியில் எடுத்த படம்தான் பஸ் ஸ்டாண்டு எதிரில் பேனராக ஏறியது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த வருஷச் சேர்க்கைக்குக் கூட்டம் வந்தது. பேண்டுக்குப் பொறுப்பாசிரியர் இருந்தார், பேனர் இருந்தது, டைம்டேபிளில் புதன்கிழமை கடைசிப் பீரியட் இருந்தது. சத்தம் மட்டும் இன்னும் வந்திருக்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஷோபா ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது யாரோ ஒரு பெற்றோர் கேட்டுவிட்டார்கள், அந்த டிரம்ஸை நேரில் பார்க்கலாமா என்று. உடனே வாத்தியங்கள் வாங்கப்பட்டன. கரஸ்பாண்டன்ட் அறையில், புதுக் காரின் சீட்டைப் போல, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவை வைக்கப்பட்டன. ஆயுத பூஜையன்று அவர் மனைவியும் பள்ளியின் தலைவருமான மணியம்மாள் டிரம்ஸுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கிட்டார்களுக்கு மாலை போட்டார். ஃப்ரெடி ஒரு தந்தியை மெல்லத் தொடப் போனான்.

"தொடாதடா" என்றார் சிவப்பிரகாசம். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கமாகவே சொன்னார். "பெயிண்டு டப்பாவ தொறந்துட்டா அப்புறம் அத எவன் வாங்குவான்? காயும். மூடி இருக்கறவரைக்கும்தான் சரக்குக்கு மதிப்பு. படிப்பும் அப்படித்தான்."

ஆண்டு விழாவுக்கு வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தொடவும் கூடாது. இதற்கு வழி கண்டுபிடித்தது வாசு சார்தான். பென்டிரைவில் பாட்டு ஓடும். பிள்ளைகள் அதற்கேற்பக் கையை அசைக்க வேண்டும். கிட்டார் பிள்ளைகளுக்குச் சுலபம். ஷோபாவின் பாடுதான் கஷ்டம். குச்சியை வேகமாக இறக்கி, தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்த வேண்டும். மணிக்கட்டு வீங்கியது. அடிப்பதற்கு இவ்வளவு பயிற்சி தேவைப்படாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் அடித்ததே இல்லை என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

விழா நடந்தது. பென்டிரைவில் வந்த பாட்டில் ஒரு புல்லாங்குழல் இருந்தது. மேடையில் யார் கையிலும் புல்லாங்குழல் இல்லை. யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. தலைமை விருந்தினர், இவ்வளவு சின்ன வயதில் ஒரு பிழைகூட இல்லாமல் வாசிப்பதைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நன்றி சொல்ல எழுந்த சிவப்பிரகாசம் மனதில் இருந்ததை அப்படியே சொன்னார். "மத்த பள்ளிக்கூடத்துல புள்ளைங்க வாசிக்குதுங்க. தப்பு வருது. நம்ம பள்ளியில அந்த ரிஸ்க்கே கெடையாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நல்லா இருந்துதுடி" என்றாள். ஷோபா, "ம்" என்றாள். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அவர் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு, அவள் தூங்கிய பிறகு திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு முகம் இருக்கும். அன்றைக்கும் பாதி நேரம் அந்த முகம் தலையணைக்குள் இருக்கும்.

அந்த விழாவுக்கு அடுத்த ஞாயிறு ஃப்ரெடிதான் கேட்டான். "நெசமா அடிச்சா எப்டி இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?"

மைசூர் மைன்ஸில் அவன் தாத்தாவின் லைன் வீடு இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் ஒன்று. தாத்தா ஸ்டீவன் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சாப்பிட்டுவிட்டால் இடியே விழுந்தாலும் எழமாட்டார். அந்த வீட்டு முன்னறையில் ஞாயிறு மத்தியானங்களில் நால்வரும் கூடினார்கள். சர்ச் பாடகர் குழுவில் இருந்த ஒரு மாமா தூக்கிப்போட்ட கிட்டார் ஃப்ரெடிக்கு. இன்னொரு பழைய கிட்டாரில் தடித்த தந்திகள் மட்டும் மிச்சமிருந்தன. நரேஷ் அதையே பேஸ் கிட்டார் என்றான். சிவப்பிரகாசம் கடையின் பின்பக்கம் வெளியே போட்டிருந்த காலிப் பெயிண்ட் பக்கெட்டுகளை ஷோபா கவிழ்த்து வைத்துக்கொண்டாள். போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, திரும்ப வைத்துப் பழகினார்கள். பல மாதம் கேட்கச் சகிக்கவில்லை. "மச்சா, நம்மளுக்கு அந்தப் புல்லாங்குழலே பரவால்ல" என்றான் நரேஷ் ஒருநாள்.

அப்புறம் ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல், நால்வரும் ஒரே இடத்தில் போய் விழுந்தார்கள். கொஞ்ச நேரம்தான். ஃப்ரெடி நிறுத்திவிட்டு மற்ற மூவரையும் பார்த்தான். ஷோபாவின் கைக்குள் ஏதோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வீடு வரைக்கும் அது நிற்கவில்லை. சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் விரல் தானாகத் தட்டியது. "கைய வெச்சிக்கினு சும்மா இரேன்டி" என்றாள் அம்மா.

சுமா ஒரு பாட்டு எழுதினாள். பெங்களூர் ரயிலில் நின்றபடியே தூங்கிப்போகிறவர்களைப் பற்றி. 'நின்னுக்கினே தூங்குது ஊரு, எழுப்பாத யாரும்' என்று ஆரம்பிக்கும். அந்த 'யாரும்' வந்ததும் ஷோபா பக்கெட்டுகளை எல்லாம் சேர்த்து அடிப்பாள். ஸ்டீவன் தாத்தா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பத்தாம் வகுப்பில் நிறுவனர் நாள் வந்தது. நிறுவனர் நாள் என்பது சிவப்பிரகாசத்தின் அறுபதாவது பிறந்தநாள். பள்ளியை நிறுவியவர் அவருடைய அப்பா என்பதால் அவர் படத்தையும் மேடையின் பின்சுவரில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். தகரக் கூரை போட்ட ஹால். மத்தியான வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ராக் பேண்ட் மேடை ஏறியது. பிளாஸ்டிக் உறை அன்றைக்கு மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. பென்டிரைவ் பாட்டு தொடங்கியது, நடுவில் கரண்ட் போனது.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை. கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. நால்வரும் பாட்டு நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். ஃப்ரெடியின் கை தந்திக்கு முன்னால். சுமாவின் வாய் பாதி திறந்தபடி. ஷோபாவின் குச்சி தோலுக்கு ஒரு விரற்கடை மேலே. அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. பிறகு எத்தனையோ பேர் கேட்டபோதும் அவளால் அதைத்தான் சொல்ல முடிந்தது. கை வலித்தது. இறக்கினாள்.

அது உண்மையான டிரம். பக்கெட்டைப் போல் இல்லை. சத்தம் கீழேயிருந்து வந்து காலில் ஏறியது. இன்னொரு முறை அடித்தாள். அப்புறம் நிறுத்தத் தோன்றவில்லை. சுமா குரலெடுத்துப் பாடத் தொடங்கினாள். கரண்ட் இல்லாத கிட்டார்கள் முன்வரிசைக்கு மேல் கேட்கவில்லை. ஆனாலும் ஃப்ரெடியும் நரேஷும் வாசித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. தலைமை விருந்தினர் முன்னால் இருந்த கண்ணாடி டம்ளர் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். 'எழுப்பாத யாரும்' என்ற இடத்தில் நிறுவனர் படம் ஆணியோடு கழன்று விழுந்தது.

பாட்டு முடிந்ததும் கரண்ட் வந்தது. பென்டிரைவ் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. நால்வரும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, எதையும் தொடாமல் அதை முடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பலத்த கைதட்டல்.

மறுநாள் விசாரணை.

"நேத்து ஒரு சத்தம் வந்துது" என்றார் சிவப்பிரகாசம். "அது இன்னா சத்தம்?"

"டிரம்ஸ் சார்" என்றாள் ஷோபா.

"யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"ஏம்மா அடிச்ச?"

அவளுக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை. "அது டிரம்ஸ் சார்" என்றாள் மறுபடியும்.

"டிரம்ஸுன்னா அடிச்சிடறதா? இப்ப நீ அடிச்சது நெசம்னு ஆச்சுன்னா, போன வருஷம் அடிச்சது இன்னான்னு கேப்பாங்களே. நான் அவங்களுக்கு எந்த மூஞ்சிய காட்டறது? எங்கப்பா படம் வேற விழுந்துட்டுது. படம் விழுந்ததுக்கு ஒரு காரணம் வேணும்மா எனக்கு. நல்ல காரணம்." அவர் மூலையில் நின்ற வாசு சாரைப் பார்த்தார். "சொல்லுங்க சார். படம் தானா எப்ப விழும்?"

பாடத்திலிருந்து கேட்ட கேள்வி என்றே வாசு சார் நினைத்தார். "நில அதிர்வு வந்தா விழும் சார்."

சிவப்பிரகாசம் எழுந்து வந்து, தன் டீயை வாசு சார் கையில் கொடுத்தார்.

தங்க வயலில் இதை நம்பவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்து மேலே வீடு ஆடுவது சகஜம். ராக் பர்ஸ்ட் என்பார்கள். இப்போது மூடிய ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் நிற்கிறது, பாறை எப்போது வேண்டுமானாலும் அசையலாம் என்று டீக்கடையில் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது: பள்ளி விழாவில் நில அதிர்வு, மாணவர்கள் கட்டுப்பாடு காத்தனர். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் அந்த மத்தியானம் நினைவுக்கு வரத் தொடங்கியது. ஒரு வீட்டில் பாத்திரம் உருண்டிருக்கிறது. இன்னொரு வீட்டில் மாடு கத்தியிருக்கிறது. ஞாயிறன்று ஷோபாவின் அப்பா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கி, "எனக்கும்தான் தெரிஞ்சுது" என்றார்.

"நீங்க பெங்களூர்ல இருந்தீங்கப்பா."

"ஆமா. அங்கயே தெரிஞ்சுது."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பழைய தொழிலாளர்கள் சாட்சி சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். ஸ்டீவன் தாத்தா எழுந்து, சத்தத்தை வைத்தே சுரங்கத்தின் எந்த லெவலில் பாறை வெடித்தது என்று சொல்ல முடியும் என்றார். ரொம்ப ஆழமான ஒரு லெவலைச் சொன்னார். மேடையில் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரெடி கேட்டான்.

"தாத்தா, நீ அன்னிக்கு தூங்கிக்கினு இருந்தே. அது ஷோபா அடிச்சது."

"தெரியும்டா" என்றார் தாத்தா, சால்வையைத் தடவியபடி. "நல்லா கெட்டியா கீது பாரு."

பெங்களூரிலிருந்து ஒரு இலாகா வந்தது. ரவிகுமார் என்ற அதிகாரி அதிர்வை அளக்கும் ஒரு பெட்டியைப் பள்ளி வராந்தாவில் வைத்துச் சில வாரங்கள் கவனித்தார். பெட்டி எதையும் காட்டவில்லை. முடிவை அறிவிக்க மேடை ஏறினார்.

"எங்கள் கருவியில் எந்த அதிர்வும் பதிவாகவில்லை. இதுதான் கவலைக்குரிய விஷயம். அதிர்வு வெளியே வரவில்லை என்றால் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாங்கள் எதையும் கண்டுபிடிக்காத இடங்கள்தான் எங்கள் அனுபவத்தில் மிக ஆபத்தானவை."

ஆகவே ஊர் முழுவதும் ஒத்திகை என்று தீர்மானமானது. சத்தம் கேட்டால் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து, திறந்த இடத்தில் வரிசையாகக் குந்தி, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் நிற்கும்வரை எழக்கூடாது. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வாசு சாருக்கு வந்தது. நில அதிர்வுச் சத்தத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. சைரன் வைக்கலாம் என்றார் ஒருவர். ஜனங்கள் அந்தக் காலத்து ஷிஃப்ட் சங்கு என்று நினைத்து வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று அது கைவிடப்பட்டது. கடைசியில், நிறுவனர் நாளன்று ஒரு பெற்றோர் போனில் எடுத்த வீடியோவில் அசல் சத்தமே இருப்பது தெரியவந்தது. சுமாவின் குரலைக் கூடியவரை நீக்கி, அதை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி லைன் லைனாகப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஷோபா வீட்டு வாசலில் அம்மாவோடு குந்திக்கொண்டு, தலைமேல் கை வைத்து, தான் அடித்ததைக் கேட்டாள். இரண்டாவது வரியில் ஒரு இடத்தில் கை தப்பியிருந்தது. அதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

பள்ளிக்குப் பேரிடர் விழிப்புணர்வுக் கேடயம் கிடைத்தது. அதிர்வின்போது மேடையை விட்டு ஓடாத நான்கு பிள்ளைகளுக்கும் வீரச் சான்றிதழ். ஷோபா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. வாசு சார் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அது பூமி ஆடல. நான்தான் அடிச்சேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நாங்க நாலு பேரும்தான் வாசிச்சோம். பாட்டு அது" என்றாள்.

ரவிகுமார் மெதுவாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பேரழிவுக்குத் தானே காரணம் என்று நினைப்பது குழந்தைகளுக்கு இயல்பு. இந்தக் குழந்தையின் பிஞ்சு மனது எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே பார்த்தீர்கள். அதிர்வு நடந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஆலோசகர் ஒருவர் ஏற்பாடு செய்யப்பட்டார். வாரம் ஒருமுறை, புதன்கிழமை கடைசிப் பீரியட். பேண்ட் இருந்த பீரியட்தான். அதிர்வு அபாயம் உள்ள கட்டடத்தில் டிரம்ஸ் கூடாது என்று பேண்ட் நிறுத்தப்பட்டு, வாத்தியங்களுக்கு உறை போடப்பட்டிருந்தது. ஆலோசகர் நல்ல பெண்மணி. கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா. பூமி ஆடியது. நான் அடிக்கவில்லை" என்பார். ஷோபா சொல்வாள். முதலில் வாயால் மட்டும் சொன்னாள். பிறகு சொல்வதும் சொல்லாததும் ஒன்றாகிவிட்டது. பரீட்சை நெருங்கும்போது, அன்று உண்மையிலேயே அடித்தோமா என்று சிலசமயம் சந்தேகம் வந்தது. தட்டின் விளிம்பில் இப்போது விரல் தட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெடி வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் கூப்பிடவில்லை. கோபம் எதுவும் இல்லை. படிக்க வேண்டியிருந்தது.

பரீட்சை முடிந்த பிறகு சுமா வந்து நின்றாள். ஃப்ரெடி பெங்களூரில் ஒரு மொபைல் கடைக்கு வேலைக்குப் போகிறான், நாளை முதல் அவனும் விடியற்கால ரயிலில் என்றாள்.

"பி.யூ.சி. சேரலியா?"

"வீட்டுல கஷ்டம்டி. ஒரு தடவ வாயேன். வாசிக்கலேன்னாலும் பரவால்ல, சும்மா ஒக்காந்துட்டு போ."

மத்தியானம் போனாள். முன்னறை அப்படியே இருந்தது. பக்கெட் ஒன்றில் யாரோ அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். ஃப்ரெடி அதைக் காலி செய்து கவிழ்த்து வைத்தான். நரேஷ் தந்தியை முறுக்கினான். ஷோபா பக்கெட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மறந்துட்டிருக்கும்" என்றாள்.

"எங்களுக்கும்தான்" என்றான் ஃப்ரெடி. தொடங்கினான்.

மறக்கவில்லை. முதல் அடி பிசகியது, இரண்டாவது இடத்தில் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கை மரத்துப்போயிருந்து ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி இருந்தது. சுமா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'யாரும்' வந்ததும் ஷோபா எல்லாப் பக்கெட்டையும் சேர்த்து அடித்தாள்.

நரேஷ்தான் முதலில் கதவுப் பக்கம் பார்த்தான். பார்த்தவன் வாசிப்பதை நிறுத்தாமல் தாடையால் காட்டினான்.

வெளியே லைன் வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்து, வீட்டுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒரு பெண்ணின் கையில் கரண்டி. ஒருவருக்கு முகத்தில் பாதி சவரம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கைகளையும் அதன் தலைமேல் பிடித்திருந்தாள் ஒருத்தி. தூக்கம் கலைந்த ஸ்டீவன் தாத்தா பின்வாசல் வழியாகப் போய்க் கடைசி வரிசையில் குந்திக்கொண்டிருந்தார். யாரும் பயப்படவில்லை. பழகியிருந்தார்கள்.

"இன்னா பண்றது?" என்றாள் சுமா, பாட்டுக்கு நடுவே.

"நிறுத்தினா எழுந்து போயிடுவாங்க" என்றான் ஃப்ரெடி.

ஷோபா அந்த வரிசைகளைப் பார்த்தாள். இத்தனை பேர் அவர்கள் வாசித்து இதுவரை கேட்டதில்லை. பாட்டு முடிகிற இடம் வந்தது. அவள் முடிக்கவில்லை. குச்சியை மாற்றிப் பிடித்து முதல் வரிக்குத் திரும்பினாள், மற்ற மூவரும் கூடவே திரும்பினார்கள். யாரும் கை தட்டவில்லை. கைகள் தலைமேல் இருந்தன. யாரும் எழுந்து போகவும் இல்லை.